ஒரு போகமா, இரு போகமா?

உழவர் ஒருவர் தம் வயலில் ஆண்டுக்கு ஒருமுறை நெல் விளைவிப்பதா, இருமுறை விளைவிப்பதா என்பதை எவ்வாறு முடிவு செய்கிறார்? நீர் இருந்தால் இரு போகம், இல்லையேல் ஒரு போகம் என்று எளிதில் விடை கூறிவிடலாம். அவ்விடை தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. அம்முடிவைச் செய்யும் உரிமை யார் கையில் இருந்தது என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டால்தான் காவிரிப் படுகையின் உழவு வரலாறு நமக்கு விளங்கும்.

முதலில் நீரின் கணக்கைக் காண்போம். கல்லணை ஆற்று நீரைப் பிரித்துக் கொடுத்ததேயன்றித் தேக்கி வைக்கவில்லை. ஆகவே, 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்படும் வரையில், ஆற்றில் வெள்ளம் வரும் நாளை எதிர்பார்த்தே ஏர் பூட்ட வேண்டியிருந்தது. அணை வந்தபின், ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்னும் முறை அமைந்தது. இடைப்பட்ட காலம் 230 நாட்கள். நீண்டகாலச் சம்பா நெல்லுக்கு 150 முதல் 180 நாட்கள் போதும். இரு போகமாயின் குறுவைக்கு ஏறத்தாழ 110 நாட்களும், அதன் தாளை மடக்கி உழுது நடும் தாளடிக்கு ஏறத்தாழ 135 நாட்களும் வேண்டும். கூட்டினால் 245 ஆகிறது. குறையும் நாட்களை ஈடுகட்டவே, குறுவைக் கதிர் முற்றும் முன்னரே உழவர் தாளடிக்கு நாற்றங்கால் விட்டுவிடுவர். ஆகவே நீர் ஒரு மாதம் தாமதித்தால் இக்கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. 2024இல் ஜூலை 28ஆம் நாளே திறக்கப்பட்டது. அத்தகைய ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறு உடையவரே குறுவையைத் துணிந்து செய்தனர். ஏனையோர் சம்பாவோடு அமைந்தனர்.

அடுத்தது விதையும் செலவும். முற்காலத்தில் குறுவை விதையோடு ஒட்டடையான் என்னும் நீண்டகால நெல்லைக் கலந்து ஒரே முறை நட்டு, முன்னதைப் புரட்டாசியிலும் பின்னதைத் தையிலும் அறுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஓர் உழவு, ஒரு நடவு, இரண்டு அறுப்பு. ஆள் செலவைச் சுருக்க முன்னோர் கண்ட வழி அது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல்லை வழங்கியபின் இரு போகம் பெரிதும் பரவியது. ஆனால் குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் வந்து நிற்கிறது. நனைந்த நெல்லைக் காயவைக்கக் களம் இல்லாதவர்க்கு விளைந்ததும் நட்டமாவதுண்டு. இவ்வாறு நீர், நாள், விதை, ஆள், களம், கடன் ஆகிய அனைத்தையும் நிறுத்துப் பார்த்தே உழவர் முடிவு செய்தல் வேண்டும்.

ஆனால் நிறுத்துப் பார்த்தவர் யார்? நிலவுடையார் பார்த்தார். குத்தகைதாரர் ஓரளவு பார்த்தார். இரண்டாம் போகத்தின் செலவு தம் தலையிலும், விளைவில் பெரும்பங்கு மிராசுதார் களஞ்சியத்திலும் சேருமாயின் அவர் தயங்கியதில் வியப்பில்லை. 1956ஆம் ஆண்டின் நியாயவாரச் சட்டம் நன்செய் வாரத்தை விளைவில் 40 விழுக்காடாக வரையறுத்தது. உழுதவர்க்கு மிச்சம் உண்டென்றால்தான் மறுபோகத்தில் ஊக்கம் பிறக்கும் என்பதை அது உணர்த்துகிறது.

நம் மக்களுள் மிகப் பெரும்பாலோர் பண்ணையாட்களாகவே இருந்தனர். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. எனினும் அம்முடிவால் மிகுதியும் பாதிக்கப்பட்டவர் அவர்களே. ஒரு போக ஊரில் தை அறுப்பு முடிந்தால் ஆடி, ஆவணி வரை வயல் வேலை அரிது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ வேலையும் இல்லை, குதிரில் நெல்லும் இல்லை. குறுவை நட்ட ஊரில் ஆனியில் நடவுக் கூலியும் புரட்டாசியில் அறுப்புக் கூலியும் உண்டு. ஆக, ஒரு போகமா இரு போகமா என்று பிறர் செய்த முடிவே நம் சேரியில் மழைக்காலத்து அடுப்பு எரியுமா என்பதையும் முடிவு செய்தது. நாம் பள்ளியில் பயின்ற நாளில், குறுவை நடவு தொடங்கினால் வகுப்பில் நம் பிள்ளைகள் அமரும் இடம் பாதி காலியாகிவிடும். உணவு தந்த அதே வேலை படிப்பைப் பறித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் முதற்படி. விளைவு கூடியபோது கூலியும் கூடவேண்டும் என்று கேட்டது குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. மறு ஆண்டு நியாயக்கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்து, குடியிருந்த மனை குடியிருந்தவர்க்கே உரிமையாயிற்று. மனையிலிருந்து வெளியேற்றுவேன் என்னும் மிரட்டல் தளர்ந்த பின்னரே நம் தந்தையர் கூலியைப் பற்றி நிமிர்ந்து பேச இயன்றது.

இன்று நிலைமை மாறியுள்ளது. அறுவடை எந்திரம் வந்தபின், இரு போகம் செய்தாலும் அறுப்புக் கூலி முன்போல் கிடைப்பதில்லை. மறுபுறம், நம்முள் சிலர் சிறிதளவு நிலம் வாங்கியும் குத்தகைக்குப் பிடித்தும் தாமே உழுகின்றனர். அவர்கள் வாழ்வில் முதன்முறையாக அந்த வினா அவர்களிடமே கேட்கப்படுகிறது.

இளைஞர்களே! அவ்வினாவுக்கு விடை கூற ஏர் பிடிக்கும் கை மட்டும் போதாது. அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் படித்தறிய வேண்டும். விதையின் வயதை அறிய வேண்டும். குத்தகையைப் பதிவு செய்யவும் செலவைக் கணக்கெழுதவும் தெரிய வேண்டும். நம் சங்கம் 25 ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டதன் பயன்களுள் இதுவும் ஒன்று. ஒரு போகம் செய்வதும் தாழ்வன்று. இரு போகம் செய்வதும் உயர்வன்று. எது தகும் என்று தாமே எண்ணித் துணியும் உரிமையே உயர்வு. அவ்வுரிமையை நம் முன்னோர் பெறவில்லை. பெற்ற நாம் அதனைக் காத்துப் பெருக்குவோமாக.