அங்கதமும் அலைவரிசையும்: அரசியல் கேலிக்குக் கத்தரி விழுந்த கதை



'அங்கதம்' என்றால் என்ன என்று கேட்டால், பலர் 'நகைச்சுவை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அது போதாது. குற்றத்தைச் சுட்டிக்காட்டச் சிரிப்பைக் கருவியாக்குவதே அங்கதம். தொல்காப்பியம் இதைச் செய்யுளியலில் இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம்.

இரண்டாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் (95). அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அவனுடைய படைக்கலங்களைப் பார்த்து, பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி எவ்வளவு அழகாக இருக்கின்றன என்கிறார். எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்பதற்குப் புகழ்ச்சி மாதிரிதான் இருக்கும். ஆனால் 'உன் ஆயுதம் போரையே பார்த்ததில்லை' என்பதுதான் உட்பொருள். இந்தப் பாடலை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேடைக்கு வந்த சட்டம்

வேல்ஸ் இளவரசரின் கல்கத்தா வருகையை ஒட்டி எழுந்த ஒரு கேலி நாடகம் ஆங்கில ஆட்சியை எரிச்சலூட்டியது. 1876-இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. ஆட்சிக்கு எதிரானது என்று கருதும் நாடகத்தைத் தடுக்க அரசுக்கு அது அதிகாரம் தந்தது.

வெள்ளைக்காரன் போனதும் இந்த வழக்கம் போய்விட்டதா? இல்லை. 1954-இல் சென்னை மாநில அரசு நாடகங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் கட்டுப்படுத்தவே அது வந்தது என்பர். அந்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல்தான் ரத்து செய்தது. கிட்டத்தட்ட 60 ஆண்டுகள் ஆயின என்றாலும், எதிர்த்து வழக்குப் போட ஒரு சட்டமாவது கண்முன்னே இருந்தது.

கத்தரி கைமாறியது

தொலைக்காட்சி வந்த பிறகு நிலைமை வேறு. இங்கே கத்தரி பெரும்பாலும் நிலையத்தின் கையிலேயே இருக்கிறது. உரிமம், விளம்பரம் இரண்டையும் நம்பித்தான் பெரும்பாலான அலைவரிசைகள் வாழ்கின்றன. அதனால் அரசு வாய் திறப்பதற்கு முன்பே நிலையம் பயப்படுகிறது.

விளம்பரம் இல்லாத பி.பி.சி.யும் விதிவிலக்கல்ல. அங்கே 1962-இல் தொடங்கிய 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' பிரிட்டிஷ் அமைச்சர்களை வாரா வாரம் கேலி செய்தது. 1963 டிசம்பரோடு அது நிறுத்தப்பட்டது. 1964 தேர்தல் ஆண்டு என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 1967-இல் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் நிகழ்ச்சியில் பீட் சீகர் பாடிய, வியட்நாம் போரைச் சாடும் பாடலை வெட்டியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1968-இல் அதை அனுமதித்தது. ஆனால் 1969-இல் நிகழ்ச்சியையே நீக்கிவிட்டது. ஒப்பந்தத்தை மீறியதாகச் சகோதரர்கள் தொடுத்த வழக்கில் அவர்கள் வென்றார்கள். இழப்பீடும் கிடைத்தது.

ஒரு குட்டி அரசனின் கதை

இனி நம் தமிழுக்கு வருவோம். 2022 ஜனவரி 15, பொங்கல் விடுமுறை. ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் அரசனும் அமைச்சருமாக வந்தார்கள். 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' பாணியில் ஒரு குறுநாடகம். கறுப்புப் பணத்தை ஒழிக்கிறேன் என்று நாணயத்தைச் செல்லாததாக்கித் தோற்ற ஓர் அரசன், விதவிதமான வண்ணச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பேசினார்கள். யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் 2016 நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனதை யார்தான் மறந்திருப்பார்கள்? பழிகரப்பு அங்கதம் என்பது இதுதான்.

தமிழக பா.ஜ.க. தரப்பிலிருந்து புகார் போனது. இரண்டே நாளில், ஜனவரி 17-ஆம் தேதி, இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சு நிலையத்திடம் 7 நாளில் விளக்கம் கேட்டது. அந்தப் பகுதியை இணையத்திலிருந்து நீக்கவும் மறு ஒளிபரப்பு செய்யாமல் இருக்கவும் நிலையம் ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அமைச்சு கேட்டது விளக்கம் மட்டுமே. தடை ஆணை எதுவும் வரவில்லை. கத்தரியை எடுத்தது நிலையம்.

புகார் கொடுத்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பொருள் புரியாத வயதுப் பிள்ளைகளை அரசியல் பேச வைக்கலாமா? அதை அலட்சியமாகத் தள்ளிவிட வேண்டாம். வகுப்பில் விவாதிக்க ஏற்ற கேள்வி அது. ஆனால் அதற்கு எதிர்க்கேள்வியும் உண்டு: பெரியவர்களின் வசனத்தை எத்தனையோ நிகழ்ச்சிகளில் பிள்ளைகள் பேசுகிறார்களே, அரசனைத் தொட்டபோது மட்டும் ஏன் அமைச்சு வரை போனது?

நம் ஊரில்

ஜார்ஜ் டவுனில் இருக்கும் நமக்கும் இது அயல்நாட்டுக் கதையல்ல. 2016 நவம்பரில், இலக்கிய விழாவின்போது, கொம்தாரில் நடந்த கேலிச்சித்திரக் கலைஞர் சுனாரின் கண்காட்சியில் ஒரு கும்பல் புகுந்து ரகளை செய்தது. மறுநாள் கைதானவர் யார் தெரியுமா? சுனார்தான்! ஆனால் அவருடைய வழக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அவருடைய நூல்கள் மீதான தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்தது. 2015-இல் அவர்மீது சுமத்தப்பட்ட 9 தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகள் 2018-இல் கைவிடப்பட்டன.

இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். அரசு தடை செய்தால் ஆணை இருக்கும். ஆணை இருந்தால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். நிலையமே வெட்டிவிட்டால் காகிதம் எதுவும் இருக்காது. எழுதியவர் யாரிடம் போய் முறையிடுவார்? அடுத்த முறை எழுதும்போது அவரே அந்த வரியை விட்டுவிடுவார். வெட்டப்பட்டதையாவது கணக்கெடுக்கலாம். எழுதப்படாமலே போனதை எப்படி எண்ணுவது?

தேர்வுக்கும் வகுப்புக்கும்

மாணவர்களே, ஊடகச் சுதந்திரம் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை வந்தால், 'தணிக்கை' என்று பொதுவாக எழுதாதீர்கள். அரசுத் தடை, நிலையத்தின் வெட்டு, எழுத்தாளரின் தன்தணிக்கை என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டோடு ஒரு சான்று கொடுங்கள். கட்டுரை தானாகவே வலுப்பெறும்.

ஆசிரியர்களே, ஔவையார் பாடலையும் குட்டி அரசனின் கதையையும் ஒரே பாடவேளையில் அருகருகே வைத்துப் பாருங்கள். பிறகு மாணவர்களிடம் இதைக் கேளுங்கள்: தூதராக வந்த புலவர் சொன்னதைத் தொண்டைமான் கேட்டுக்கொண்டிருந்தான்; இரண்டு சிறுவர்கள் சொன்னதை ஓர் அலைவரிசையால் ஏன் தாங்க முடியவில்லை?