அருளப்பனும் 1860 எழுப்புதலும்: சாதாரண விசுவாசிகளின் தீர்க்கதரிசன வரம்

தீர்க்கதரிசன வரம் என்பது கடவுளிடமிருந்து பெற்றதாக நம்பப்படும் செய்தியைச் சபைக்கு எடுத்துரைக்கும் ஆற்றலைக் குறிக்கும் கிறித்தவக் கருத்து. இந்த வரம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டதா, இன்றும் சாதாரண விசுவாசிகளுக்கு உண்டா என்பது கிறித்தவ சபைகளிடையே நெடுங்காலமாக நிலவும் விவாதம். தமிழ்நாட்டில் இது இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகளோடு வந்த கேள்வி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் பெந்தெகொஸ்தே இயக்கம் தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1860-இல், திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) வழிநடத்திய எழுப்புதலில் இக்கேள்வி முழு வடிவில் எழுந்தது.

சொற்பொருள்

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் விவிலியத்தில் வழங்கும் ‘தீர்க்கதரிசனம்’ என்ற சொல் ‘தீர்க்க’, ‘தரிசனம்’ என்னும் வடசொற்களால் ஆனது. நெடுந்தொலைவைக் காணுதல் என்பது அதன் நேர்ப்பொருள். அதனால் வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்லுதல் என்ற எண்ணமே தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழுகிறது. மூல கிரேக்கச் சொல்லான ‘புரொபேட்டஸ்’ ஒருவர் சார்பாக எடுத்துப் பேசுபவரைக் குறிக்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் உள்ள ‘இறைவாக்கினர்’ என்ற சொல் இப்பொருளுக்கு நெருக்கமானது. இன்றைய விவாதத்தில் ஒரு பகுதி இந்தச் சொல் வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

விவிலியப் பின்னணி

பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசிகள் தனித்து அழைக்கப்பட்ட சிலரே. எனினும் பாளயத்துக்குள் எல்தாத், மேதாத் என்ற இருவர் தீர்க்கதரிசனம் உரைத்தபோது, அவர்களைத் தடுக்கும்படி யோசுவா கேட்டார். மக்கள் அனைவருமே தீர்க்கதரிசிகளாக இருந்தால் நலம் என்று மோசே மறுமொழி கூறியதாக எண்ணாகமம் 11 சொல்கிறது. குமாரரும் குமாரத்திகளும், ஊழியக்காரரும் ஊழியக்காரிகளும் தீர்க்கதரிசனம் உரைப்பார்கள் என்பது யோவேல் நூலின் முன்னறிவிப்பு. பெந்தெகொஸ்தே நாளில் அது நிறைவேறியதாகப் பேதுரு உரைத்தார் (அப்போஸ்தலர் 2). பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் தீர்க்கதரிசனம் உரைத்தவர்கள் என்று அதே நூல் குறிப்பிடுகிறது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் இவ்வரத்தின் பயனை வரையறுக்கிறார். சபையைக் கட்டி எழுப்புதல், புத்தி சொல்லுதல், ஆறுதல் அளித்தல் ஆகியவை அதன் நோக்கங்கள். இரண்டு அல்லது மூன்று பேர் பேசலாம். மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும். அதாவது பேசும் உரிமையும் சோதித்தறியும் பொறுப்பும் சபைக்கு ஒருசேரத் தரப்பட்டன.

அருளப்பன்

அருளப்பன் திருநெல்வேலிப் பகுதியில் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி சி.டி.இ. ரேனியஸிடம் பயின்றார். சர்ச் மிஷனரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) ஊழியரான ரேனியஸ், ஆங்கிலிகன் பேராயர் வழியாக அன்றிச் சபை ஊழியர்களுக்குக் குருப்பட்டம் அளிக்க விரும்பினார். இதுவும் ஆங்கிலிகன் வழிபாட்டு முறை குறித்த அவருடைய விமர்சனமும் மோதலாக வளர்ந்தன. 1835-இல் அவர் அச்சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். உள்ளூர் ஊழியருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வி இவ்வாறு அருளப்பனின் இளமைக்காலத்திலேயே திருநெல்வேலித் திருச்சபையைப் பிளந்திருந்தது.

1833-இல் இந்தியா வந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் அருளப்பன் மீது ஆழ்ந்த தாக்கம் செலுத்தினார். பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான குரோவ்ஸ், குருப்பட்டம் பெறாத விசுவாசிகளும் திருவிருந்தை நடத்தலாம், நற்செய்தி அறிவிக்கலாம் என்று கற்பித்தார். அருளப்பன் நிலையான சம்பளத்தை ஏற்காமல், தேவைகளைக் கடவுள் சந்திப்பார் என்ற நம்பிக்கையில் ஊழியம் செய்தார். 1840 வாக்கில் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கினார். வெளிநாட்டுச் சங்கம் எதன் கட்டுப்பாட்டிலும் இல்லாத, இந்தியர் ஒருவர் வழிநடத்திய சபை அங்கு வளர்ந்தது.

1860 எழுப்புதல்

1857–58-இல் அமெரிக்காவிலும் 1859-இல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலும் எழுந்த சமய எழுச்சிகளின் செய்திகள் இந்தியாவுக்கு வந்தன. அருளப்பன் தம் சபையில் அத்தகைய எழுப்புதலுக்காக மன்றாடி வந்தார். 1860-இல் கிறிஸ்தியான்பேட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அது தொடங்கியது. மக்கள் அழுது பாவங்களை அறிக்கையிட்டனர்; சிலர் நடுங்கித் தரையில் விழுந்தனர். கனவுகள், தரிசனங்கள், தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை, அதற்கு விளக்கம் கூறுதல் ஆகியவை நிகழ்ந்ததாக அருளப்பன் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார்.

குருப்பட்டமோ மிஷன் பதவியோ இல்லாத ஆண்களும் பெண்களும் இவற்றில் பங்கு பெற்றனர். எழுப்புதலில் ஈடுபட்டவர்கள் ஊதியமின்றி அண்டைக் கிராமங்களுக்குச் சென்று பேசினர். வடதிருநெல்வேலியில் சி.எம்.எஸ். ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவிக்கும் பணியை நடத்தி வந்தது. அதற்கு அடித்தளமிட்ட தாமஸ் ராக்லண்ட் 1858-இல் சிவகாசியில் இறந்திருந்தார். அப்பணிக்களத்தின் சபைகளுக்கும் எழுப்புதல் பரவியது.

எதிர்வினைகள்

மிஷனரிகள் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. சி.எம்.எஸ். மிஷனரி ஆஷ்டன் டிப் இந்நிகழ்வுகளைப் பற்றி அச்சங்கத்தின் இதழில் 1860-இலேயே எழுதினார். உள்ளூர்க் கிறித்தவர்கள் தாமாக முன்வந்து ஊழியம் செய்ததை வரவேற்றவர்கள் இருந்தனர். உடல் நடுக்கத்தையும் தரிசனங்களையும் மிகை உணர்ச்சி என ஐயுற்றவர்களும் இருந்தனர்.

ஐயத்திற்கு இரண்டு பின்னணிகள் இருந்தன. ஒன்று, இலண்டனில் 1830-களில் எட்வர்ட் இர்விங்கின் சபையில் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் தோன்றிப் பெரும் சர்ச்சையாகிய நினைவு. மற்றொன்று, தென்தமிழ்நாட்டின் வழக்கங்கள். கொடை விழாக்களில் சாமியாடி அருள்வாக்குச் சொல்வது அப்பகுதியில் வேரூன்றிய மரபு. அந்த வழிபாட்டிலிருந்து விலகி வந்தவர்களிடையே அதைப் போலத் தோன்றும் ஆவேசம் மீண்டும் எழுவது கவலைக்குரியதாகப் பட்டது. வெளித்தோற்றம் ஒத்திருந்தபோதும், பாவ அறிக்கையும் வாழ்க்கை மாற்றமும் நற்செய்திப் பணியும் இந்த எழுப்புதலின் கனிகளாக முன்வைக்கப்பட்டன.

திருவிதாங்கூரில் நிகழ்ந்த திருப்பம்

அருளப்பனின் மறைவுக்குப் பின், 1873 முதல் திருவிதாங்கூரில் எழுப்புதல் பரவியது. அருளப்பனோடு தொடர்புடைய தமிழ்ப் போதகர்களும் அதற்குக் காரணமாயினர். பிராமணக் குடும்பத்திலிருந்து 1861-இல் கிறித்தவராகி, பின்னர் சி.எம்.எஸ். குருவான யுஸ்தூஸ் யோசேப்பு அதன் முதன்மைத் தலைவரானார். ஆறு ஆண்டுகளில், 1881-இல், கிறிஸ்து மீண்டும் வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை 1875-இல் அவர் ஏற்றார். மிஷன் திருச்சபையிலிருந்து பிரிந்து தனிச் சபை அமைந்தது. அதைச் சேர்ந்தோரை மக்கள் ‘ஆறாண்டுக்காரர்’ என்று அழைத்தனர்.

குறித்த காலம் கடந்தது. வருகை ஆவிக்குரிய முறையில் நிகழ்ந்துவிட்டது என்ற விளக்கத்தோடு ‘யுயோமயம்’ என்ற புதிய சபை உருவானது. உரைத்தது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்பது உபாகமம் 18 தரும் அளவுகோல். இங்கே அளவுகோல் செயல்படுவதற்கு முன் பொருள் மாற்றப்பட்டது. யுஸ்தூஸ் யோசேப்பு இயற்றிய மலையாளப் பாடல்கள் மட்டும் எல்லாச் சபைகளிலும் நிலைத்தன.

பிற்காலம்

1905-இல் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும், 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவிலும் எழுந்த எழுப்புதல்களுக்குப் பின் பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது. வரங்கள் அப்போஸ்தலரோடு முடிந்தன என்ற நிலைப்பாட்டை பி.பி. வார்ஃபீல்ட் 1918-இல் விரிவாக வாதிட்டார். இன்றைய தீர்க்கதரிசனம் வேதத்துக்கு நிகரான அதிகாரம் அற்றது, பிழைபடக்கூடியது, ஆகவே சோதிக்கத்தக்கது என்று வேய்ன் குரூடம் 1980-களில் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், எல்லா நிலையிலுள்ள விசுவாசிகளுக்கும் ஆவியார் வரங்களை அளிக்கிறார் என்றும், அவற்றை மதிப்பிடும் பொறுப்பு திருச்சபைத் தலைவர்களுக்கு உரியது என்றும் கூறியது.

சென்னையில் ‘இயேசு அழைக்கிறார்’ இயக்கத்தின் நிறுவனர் டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008), பெருங்கூட்டங்களில் மக்களைப் பெயர் சொல்லி அழைத்துச் செய்தி கூறும் முறையால் அறியப்பட்டார். இவ்வகைக் கூட்டங்களில் மேடையிலிருக்கும் ஒருவரே பேசுகிறார், திரளானோர் கேட்கின்றனர். வடபழனி போன்ற பகுதிகளில் வாடகைக் கட்டடங்களில் கூடும் சிறு சபைகளில் நிலை வேறு. அங்கே அருகில் அமர்ந்திருக்கும் சக விசுவாசியே தீர்க்கதரிசனம் உரைக்கலாம். திருமணம், வேலை, வெளிநாட்டுப் பயணம் குறித்துத் தனிநபருக்கு உரைக்கப்படும் வாக்குகளே இன்று மிகுதியும் விவாதத்துக்கு உள்ளாகின்றன. இத்தகைய வாக்கை நம்பி எடுக்கும் முடிவு ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றக்கூடும்.

மதிப்பீடு

1860-இன் முக்கியத்துவம், காலத்தால் முந்தியது என்பதில் மட்டும் இல்லை. மிஷன் அமைப்பில் பேசும் அதிகாரம் இல்லாதிருந்த தமிழ் ஆண்களும் பெண்களும் சபை நடுவே பேசினர் என்பதே அதன் சிறப்பு. அதே மரபின் தொடர்ச்சியில் 1881 ஏமாற்றமும் நிகழ்ந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, வரம் உண்மையா என்பதைவிட, சோதிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதில் தெளிவாகிறது. பணம் கேட்கும் தீர்க்கதரிசிக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்று ‘டிடாக்கே’ என்ற தொடக்ககாலத் திருச்சபைக் கையேடு எச்சரித்தது. எல்லாரும் தீர்க்கதரிசனம் உரைக்கலாம் என்று ஏற்கும் சபையில், எல்லாரும் அதை நிதானிக்கவும் முடிய வேண்டும். பவுல் இவ்விரண்டையும் ஒரே அதிகாரத்தில் எழுதியிருப்பது இதனால்தான்.