‘கடவுளின் செயல்’ — பஃபலோ கிரீக் பேரழிவு எழுப்பும் வினா

துயரம் நேரிடுகையில் கடவுளின் பெயரை உச்சரிப்பது விசுவாசிகளின் வழக்கம். பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் அதே பெயர் பயன்படக்கூடும் என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1972ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் காலை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கின் தலைப்பில் இருந்த நிலக்கரிச் சுரங்க அணை உடைந்தது. அது முறையாகக் கட்டப்பட்ட அணையன்று. சுரங்கக் கழிவுகளைப் பள்ளத்தாக்கின் குறுக்கே கொட்டிக் குவித்த மேடு. முன்பே படிந்திருந்த கரிச்சேற்றின்மீதே அது எழுப்பப்பட்டிருந்தது. மழையால் நீர் உயர்ந்தபோது, மிகுநீர் வெளியேறப் போதிய வழியில்லை. ஏறத்தாழ 13 கோடி காலன் கரிநீர் பாய்ந்து, சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த 16 ஊர்களைத் தாக்கிற்று. 125 பேர் மாண்டனர். 4,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர்.

அணையை வைத்திருந்த நிறுவனத்தின் தலைமைக் குழுமமான பிட்ஸ்டன், இதனைக் ‘கடவுளின் செயல்’ என்றது. மனிதர் எவரும் பொறுப்பேற்க வேண்டாத நிகழ்ச்சிக்குச் சட்டம் வழங்கும் பெயர் அது. பள்ளத்தாக்கின் எளிய விசுவாசிகளோ அதைத் தேவதூஷணமாகவே கண்டனர். வழக்குத் தொடுத்த அறுநூற்றுக்கும் மேற்பட்டோருக்கு 1974இல் அந்நிறுவனம் 1 கோடியே 35 லட்சம் டாலர் வழங்க இசைந்தது.

பணம் ஈடுசெய்யாத இழப்பும் ஒன்றுண்டு. வீடிழந்தோர், பழைய அயலாரைக் கருதாது, தற்காலிகக் குடியிருப்புகளில் சிதறி அமர்த்தப்பட்டனர். சமூகவியல் அறிஞர் கை எரிக்சன் 1976இல் வெளியிட்ட நூலில், தனிமனிதர் உற்ற காயத்தோடு சமூகப் பிணைப்பே அறுந்துபோன காயத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். ஒருவரையொருவர் தாங்கிய உறவே அழிந்தபின் ஆறுதல் எங்கிருந்து வரும்?

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களை மற்றவர்களைவிடப் பாவிகளென எண்ணலாகாது என்றார் நம் ஆண்டவர் (லூக்கா 13:4). அதனால் கோபுரத்தைக் கட்டியவன் பொறுப்பு நீங்கிவிடாது. மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன்மேல் இரத்தப்பழி சுமரும் என்பது திருமறையின் கட்டளை (உபாகமம் 22:8).

2019இல் பிரேசிலின் புரூமாஜின்யோவில் இரும்புத்தாதுச் சுரங்க அணை உடைந்து 270 பேர் மாண்டனர். ஆகவே இவ்வினா பழங்கதையன்று. அடக்க ஆராதனையில் ‘கடவுளின் சித்தம்’ என நாம் கூறுமுன், அணையைக் கட்டியவர் யார், எச்சரிக்கையைப் புறக்கணித்தவர் யார் என வினவுவோமாக. அங்ஙனம் வினவுவது அவிசுவாசமன்று. கடவுளின் பெயரை வீணிலே வழங்காதிருக்கும் கீழ்ப்படிதலே அது.