மாட்டுக்கும் உண்டு வம்சாவளி



மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். எஞ்சினீயரிங் படித்தவன் மாட்டைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்க வேண்டாம். தொண்டூரில் பிறந்தவனுக்கு மாடும் ஒரு பாடம்தான். ஒரு கன்று நாளைக்கு எப்படி வளரும் என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத அந்தக் குணத்துக்கு விலை சொல்வது எப்படி? அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்துச் சந்தைகளில் முதலில் பல்லைப் பார்ப்பார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்தால் வயசு தெரிந்துவிடும். அடுத்து சுழி. அப்புறம் துண்டுக்கு அடியில் தரகர் விரல் பிடித்துப் பேரம். பல்லாவது வயசைச் சொல்லும். சுழி ஒன்றையும் சொல்லாது. தாய்ப்பசு எத்தனை லிட்டர் கறந்தது, காளை எந்த வம்சம் என்பதெல்லாம் விற்பவரின் வாய்ச்சொல்தான். வாய்ச்சொல்லுக்கு யார் சார் காசு கொடுப்பார்கள்?

வம்சத்துக்கு விலை வாங்கித் தந்தவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். காங்கேயம் இனம் என்றதும் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெயரைச் சொல்வார்கள். நல்ல பொலிகாளைகளாகத் தேர்ந்தெடுத்து மந்தையைப் பெருக்கினார். பழையகோட்டை மாடு என்ற பேரே ஒரு சான்றிதழ் ஆயிற்று.

கடல் கடந்த கதை இன்னும் பெரிது. நம் அண்டை ஆந்திரத்து ஓங்கோல் மாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரேசிலுக்குக் கப்பலேறின. அங்கே அவற்றின் பேர் 'நெலோர்', நம் நெல்லூர்தான்! பிரேசில்காரர்கள் 1938-ல் இனப் பதிவேடு தொடங்கினார்கள். எந்தக் கன்றுக்கு எந்தத் தாய், எந்தத் தகப்பன் என்று விடாமல் எழுதி வைத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் இங்கிருந்து போன 'கரவாடி' என்ற காளையின் வாரிசுகள் இன்றும் அங்கே பேசப்படுகின்றன. 2023-ல் வியாத்தினா-19 என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை ஏலம் போனது. அந்தக் கணக்கில் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கும் மேல்! மாடு நம்முடையது, நோட்டு அவர்களுடையது.

அடுத்த கட்டம் மரபணு. 2009-ல் டாமினெட் என்ற ஹெர்ஃபோர்டு பசுவின் மரபணு வரிசை வெளியானது. இப்போது அமெரிக்காவில் கொழுக்க வைப்பதற்காக விற்கும் கன்றின் காதுச் சதையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்து, எடை எவ்வளவு வேகமாக ஏறும், இறைச்சித் தரம் எப்படி இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பெண்ணைக் காட்டி விலை கேட்கிறார்கள்.

நம்மிடம் பசுவின் மதிப்பு பாலிலும் உழைப்பிலும்தான். அதற்கும் கருவி வந்துவிட்டது. 2024 அக்டோபரில் இந்திய மாட்டினங்களுக்கான 'கௌ சிப்', எருமைக்கான 'மகிஷ் சிப்' இரண்டும் வெளியிடப்பட்டன.

இங்கேதான் எஞ்சினீயர் புத்தி குறுக்கே வருகிறது. மீட்டர் வாங்கினால் போதாது, அதை அளவு சரிபார்க்க வேண்டும். எந்த மரபணு எத்தனை லிட்டருக்குச் சமம் என்று சிப்புக்குத் தானாகத் தெரியாது. ஆயிரக்கணக்கான மாடுகளின் பாலையும் எடையையும் யாராவது அளந்து எழுதியிருந்தால்தான் அது பேசும். எழுதாத இனத்துக்கு எத்தனை நவீனமான சிப்பும் ஊமைதான். அளக்கிற வேலை நடக்கவில்லையென்றால், நல்ல கன்றும் சாதாரணக் கன்றும் ஒரே விலைக்குத்தான் போகும். நஷ்டம் வளர்த்தவருக்கு.

ஆகவே தம்பி தங்கைகளே, வீட்டில் மாடு இருந்தால் இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஈன்ற தேதி, சினை ஊசி போட்ட காளையின் எண், தினமும் கறந்த பால், இவ்வளவு போதும். மாட்டை விற்கும்போது அந்த நோட்டையும் காட்டி விலை சொல்லுங்கள்.

வளர்க நம் கல்லூரி!