ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை

அமெரிக்க எழுத்தாளர் மில்ட்ரெட் டி. டெய்லர் (பி. 1943) எழுதி 1976-இல் வெளிவந்த, இளையோருக்கான வரலாற்றுப் புதினம். 1977-ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கம் பெற்றது. பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், 1933-இல், மிசிசிப்பி மாநிலத்து நாட்டுப்புறத்தில் நிகழும் கதையை ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி கேஸி லோகன் தானே சொல்கிறாள்.

சுற்றிலும் வெள்ளையரின் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டுக் கடைக்கடனில் மூழ்கிய குடும்பங்கள் இருக்க, லோகன்களுக்குச் சொந்தமாக 400 ஏக்கர் உண்டு. அதைக் காக்கத் தந்தை லூசியானாவில் ரயில்பாதை வேலைக்குப் போகிறார். தாய் பள்ளி ஆசிரியை. கேஸியின் பள்ளிக்கு வந்து சேர்பவை வெள்ளையர் பள்ளி கழித்துக்கட்டிய பாடநூல்கள். உள்ளட்டையில் ஒட்டிய பட்டியலில், ஒவ்வொரு முறை வழங்கியபோதும் நூலின் நிலையும் பெற்ற மாணவரின் இனமும் குறிக்கப்பட்டுள்ளன. நூல் மிக மோசமான நிலையை எட்டிய பிறகே கறுப்பினக் குழந்தையின் முறை வருகிறது. புதினத்தின் மிகக் கூர்மையான காட்சி இதுவே. கடைப் புறக்கணிப்பு, தாயின் வேலையிழப்பு, கும்பல் வன்முறை ஆகியவற்றினூடே சிறுமி உலகைப் புரிந்துகொள்கிறாள்.

லோகன் குடும்ப வரிசை ‘சாங் ஆஃப் தி ட்ரீஸ்’ (1975) நூலில் தொடங்கி 2020 வரை நீண்டது.