களைப்பை எண்ணாக்கிய மினுக்கம்

பெங்களூரின் வடமேற்கே 1970களில் உருவான பீன்யா தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறைகளும் ஆடைத் தொழிலகங்களும் அருகருகே இயங்குகின்றன. நுண்ணிய வேலை எங்கு நடந்தாலும் பணிநேர முடிவில் எழும் முறையீடு ஒன்றுதான்: கண் எரிகிறது, பார்வை மங்குகிறது. இச்சொற்களை எண்ணாக மாற்ற இருபதாம் நூற்றாண்டு கண்ட வழிகளுள் ஒன்று மினுக்கச் சோதனை.

அணைந்து எரியும் விளக்கின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மினுக்கம் மறைந்து தொடர்ச்சியான ஒளியே தெரியும். அவ்வெல்லையே மினுக்க இணைவு அதிர்வெண். ஒளி கூடக்கூட, அதன் மடக்கைக்கேற்ப இவ்வெல்லையும் உயரும் என்பதை ஃபெரி (1892), போர்ட்டர் (1902) ஆகியோரின் ஆய்வுகள் நிறுவின. அதுவரை இது ஒளியைப் பற்றிய ஆய்வு. 1940களில் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் சைமன்சனும் அவருடைய சகாக்களும் இதையே களைப்பின் அளவுகோலாக்கினர். நரம்பு மண்டலத்தின் விழிப்புநிலை தளர்ந்தால் எல்லை தாழும் என்பது அதன் அடிப்படை. பின்னர் ஜப்பானியத் தொழிலாளர் ஆய்வுகளிலும் இம்முறை பரவலாயிற்று.

ஆனால் அந்தத் தாழ்வு பெரும்பாலும் ஓரிரு ஹெர்ட்ஸ் அளவே. விளக்கின் செறிவு, கண்மணியின் விரிவு, வயது, மருந்து ஆகியவையும் அதே அளவுக்கு எண்ணை அசைக்கும். எனவே ஒருவரை அவரோடே, வேலைக்கு முன்னும் பின்னும், ஒரே சூழலில் ஒப்பிட்டால்தான் பொருளுண்டு. அப்போதும் களைத்தது விழியா மூளையா என்பதை எண் தனித்துக் கூறாது.

கண்ணுக்குப் புலப்படாத மினுக்கமும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. இது இணைவு எல்லைக்கு மேலிருப்பதால் ஒளி சீராகவே தோன்றும். எனினும் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழலும் மூன்று தாடைச் சக், இரு மினுக்கங்களுக்கிடையே மூன்றிலொரு பங்கு திரும்புவதால், அவ்விளக்கின்கீழ் நின்றிருப்பதுபோல் தோன்றக்கூடும். அதை நம்பிக் கை நீட்டுவது ஆபத்து.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு கண்கூச்சத்தையும், கண்ணை வருத்தும் நிழலையும் தடுக்கச் சொன்னது. மினுக்கத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. அளவுகோல் வந்தபின்னும் தொழிலாளியின் சொல்லே முதற்சான்று. எண் அதற்குத் துணை நிற்கலாம். ஆனால் எண் தாழவில்லை என்பது கண் எரியவில்லை என்பதற்குச் சான்றாகாது.