முதல் ஆண்டும் படிப்பே: புதிய செவிலியருக்கு மருத்துவமனை ஆற்ற வேண்டிய கடமை

எம்.பி.பி.எஸ். தேர்வில் தேறியவர் ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றிய பிறகே நிரந்தரப் பதிவு பெறுகிறார். அந்த ஓராண்டில் அவர் நோயாளிகளைப் பார்க்கிறார், உதவித்தொகை பெறுகிறார், மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் தவறுகளைத் திருத்திக்கொள்கிறார். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் அல்லது மூன்று ஆண்டு ஜி.என்.எம். முடித்த செவிலியருக்கு அப்படியோர் ஆண்டு கிடையாது. படிப்புக்குள்ளேயே பயிற்சிக் காலம் உண்டு என்றாலும், அப்போது அவர் மாணவர் மட்டுமே. பதிவு எண் வந்து, வேலையில் சேர்ந்து, ஓரியன்டேஷன் வகுப்பும் முடிந்துவிட்டால், டியூட்டி லிஸ்டில் அவர் முழு ஆளாகக் கணக்கிடப்படுகிறார். புதிய செவிலியர்கள் படும் அல்லலுக்கு வேர் இந்தக் கணக்குதான். முதல் ஆண்டைக் கல்வியின் தொடர்ச்சியாக ஏற்று அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்குவது மருத்துவமனையின் கடமை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

குறை எங்கே இருக்கிறது?

புதிதாக வந்த செவிலியர் தடுமாறினால் வார்டில் முதலில் எழும் கேள்வி, “காலேஜில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்பதுதான். பழி கல்லூரியின் மேல் விழுகிறது. இந்த நோயறிதல் பிழையானது என்பதை அரை நூற்றாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-இல் வெளியிட்ட நூலில் புதிய செவிலியர் அடையும் நிலையை ‘யதார்த்த அதிர்ச்சி’ என்றார். கல்லூரி ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிக்கப் பழக்குகிறது. வார்டோ பல நோயாளிகளின் வேலையைக் குறித்த நேரத்தில் முடிப்பவரையே திறமைசாலி என்கிறது. இரண்டு மதிப்பீடுகளுக்கும் நடுவே சிக்கி நல்ல செவிலியர்கள் தொழிலை விட்டே போகிறார்கள் என்பது அவரது முடிவு. கனடாவைச் சேர்ந்த ஜூடி டக்ஷர் 2009-இல் இதையே ‘மாறுதல் அதிர்ச்சி’ என்று விரித்து, முதல் சில மாதங்களே மிகக் கடுமையானவை என்று காட்டினார்.

பாட்ரீஷியா பென்னர் 1984-இல் முன்வைத்த ஐந்து படிநிலைகள் இவ்வாதத்துக்கு மேலும் வலுவூட்டுகின்றன. பட்டம் பெற்று வருபவர் இரண்டாம் படியில், அதாவது முன்னேறிய தொடக்கநிலையில் நிற்கிறார். அவருக்கு விதிகள் தெரியும், அறிகுறிகளைத் தனித்தனியே அடையாளம் காணவும் முடியும். எது முந்தியது, எது பிந்தியது என்று தரம் பிரிக்கும் திறன் இன்னும் வாய்த்திருக்காது. ஒரே வகைச் சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பிறகே அடுத்த படியான தேர்ச்சி வரும் என்கிறார் பென்னர். வகுப்பறை நேரத்தைக் கூட்டினாலும் இந்தப் படியைத் தாண்டிவிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி. இரவு இரண்டு மணிக்கு நாடித்துடிப்பு 116, மேல் ரத்த அழுத்தம் 104, மூச்சு நிமிடத்துக்கு 22. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் அளவும் சரியாக இருக்கிறது. “ஒரு மாதிரியாக இருக்கிறது சிஸ்டர்” என்கிறார் நோயாளி. புதிய செவிலியர் எல்லா எண்களையும் கேஸ் ஷீட்டில் பிழையின்றிக் குறிப்பார். ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் பதறும்படி எதுவுமில்லை. அனுபவமுள்ள செவிலியரோ மூன்றையும் சேர்த்துப் படித்து, சிறுநீர்ப் பையையும் டிரெஸ்ஸிங்கையும் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தக்கசிவோ நோய்த்தொற்றோ இருக்குமோ என்று ஐயுறுவார். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை இந்த அனுபவத்தின் ஒரு பகுதியை விதியாக்கித் தருகிறது. அம்முறையில் இந்த நோயாளியின் நாடிக்கு 2, மூச்சுக்கு 2, ரத்த அழுத்தத்துக்கு 1 என்று மொத்தம் 5 மதிப்பெண். ஐந்தைத் தொட்டால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் டியூட்டி டாக்டரை எழுப்பும் துணிவை மதிப்பெண் தந்துவிடாது. “இதற்குப் போய் எழுப்பினாயா?” என்று ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளி. கேட்டதற்காக யாரையும் கடிந்துகொள்வதில்லை என்ற வழக்கமும், அருகிலேயே கேட்கத்தக்க ஒரு மூத்தவரும் வேண்டும்.

ஆதரவு என்பது எது?

வரவேற்பு விழாவும் ஒரு கையேடும் ஆதரவாகிவிடா. அமெரிக்காவில் 2002-இல் பல்கலைக்கழக மருத்துவமனைகள் செவிலியர் கல்லூரிகளின் சங்கத்தோடு சேர்ந்து ஓராண்டு ரெசிடென்சித் திட்டத்தைத் தொடங்கின. ஸ்காட்லாந்து 2006-இல் புதிய பட்டதாரிகளுக்கெனத் தேசிய அளவிலான திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஜப்பான் 2010 ஏப்ரல் முதல், புதிய செவிலியருக்குப் பயிற்சியளிக்க முயல்வதை மருத்துவமனைகளின் சட்டக் கடப்பாடாக்கியது. இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. நோயாளிகளின் எண்ணிக்கையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். ஒவ்வொரு புதியவருக்கும் பெயர் குறித்து ஒரு மூத்த செவிலியரை வழிகாட்டியாக நியமித்து, அவருடைய வேலைப்பளுவை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். ஓராண்டு முழுவதும் குறித்த இடைவெளிகளில் அமர்ந்து பேசி முன்னேற்றத்தை மதிப்பிட வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் மற்றவை நிலைக்கா. தன் நோயாளிகளையே பார்த்து முடிக்க இயலாத மூத்தவரிடம் “இவளையும் பார்த்துக்கொள்” என்று ஒப்படைத்தால் இருவருக்கும் கேடு.

இரண்டு மறுப்புகள்

ஆளே போதவில்லை, இதற்கெல்லாம் ஆளை எங்கே தேடுவது என்பது முதல் மறுப்பு. பற்றாக்குறை உண்மைதான். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கும் போதனை மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கும் ஒரு செவிலியர் என்ற இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோலுக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை நம் வார்டுகளில் நின்றவர் எவரும் அறிவர். ஆனால் லிண்டா ஏய்க்கனும் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவை மறக்கலாகாது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. பற்றாக்குறையின் முழுச் சுமையையும் அதைத் தாங்க அறவே பழகாதவர் தோளில் ஏற்றுவது சிக்கனம் ஆகாது.

பயிற்சி கொடுத்தால் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுவார்களே என்பது இரண்டாவது. இதற்கு மருந்தாகச் சில தனியார் மருத்துவமனைகள் பாண்ட் எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களையும் பூட்டி வைத்தன. சான்றிதழைப் பிடித்து வைத்தால் ஆள் தங்கலாம், திறன் வளராது. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவையொட்டி அமைந்த குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தது மாதம் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நியாயமான ஊதியமும் மதிப்புள்ள முதல் ஆண்டும் கிடைக்குமிடத்தில் தங்கிப்போக விரும்புவோர் மிகப் பலர்.

அரசுத் துறையில் இன்னொரு கவலையும் உண்டு. தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூன்று செவிலியர்களைக் கொண்டு 24 மணி நேரப் பிரசவ சேவையைத் தந்து புகழ் பெற்றவை. அங்கே புதிதாக நியமிக்கப்படுபவர் இரவில் தனியாகவே பிரசவம் பார்க்க நேரலாம். அத்தகையவர்களை முதலில் தாலுகா அல்லது மாவட்ட மருத்துவமனைப் பிரசவ வார்டில் மூத்தவரோடு பணியாற்ற வைத்து, பிறகே அனுப்புவது அறிவுடைமை.

1871-இலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நகரம் சென்னை. அந்த மரபுக்கு உரியவர்கள் முதல் ஆண்டைப் பற்றியும் முன்னோடியாகச் சிந்திக்கலாம். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் இதற்கு நல்ல வாய்ப்பு. பதிவுக்குப் பிந்தைய ஓராண்டை ஊதியத்தோடும் மேற்பார்வையோடும் கூடிய பணிக்காலமாக ஆணையம் வரையறுக்க வேண்டும். அந்த விதி வரும்வரை செவிலியர் கண்காணிப்பாளர்கள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த மாத டியூட்டி லிஸ்டை எழுதும்போது புதிதாகச் சேர்ந்தவரை முழு ஆளாகக் கணக்கிடாதீர்கள். அவருக்குரிய மூத்தவரின் பெயரையும் அதே வரியில் எழுதுங்கள்.